அரைவாசியின் அரைவாசி

மாங்குளம்
9.1.63

அன்புள்ள தம்பி பரமலிங்கம்,

பொங்கலுக்கு நீ வரமாட்டாய் என்று தெரிந்துகொண்டும் அக்கா வாசலைப் பார்த்தபடிதான் இருக்கிறேன். நான் சுகம் என்று எழுதவேண்டும், எழுதுகிறேன். இந்த மாதம் பிறந்த நாளிலிருந்து காலனியில் பிள்ளைப்பேறுக்குக் குறைவில்லை. சைக்கிளில் போய் வந்து இடுப்பு விட்டுப்போயிற்று. மருத்துவிச்சிக்கு யார் பேறு பார்ப்பார்கள் என்று உன் இரஞ்சிதம் கேட்டுச் சிரிக்கிறாள்.

உன் மனைவியைப் பற்றிக் கவலைப்படாதே. தாய் இல்லாத பெண், தலைப்பிள்ளை, மச்சாள் என்னிடம் வராமல் எங்கே போவாள்? பங்குனிக் கடைசி என்று கணித்திருக்கிறேன். நீ கலியாணத்துக்கு வாங்கிக் கொடுத்த அயன் பெட்டியைப் பட்டுச்சேலைக்குள் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறாள். மின்சாரமே இல்லாத ஊருக்கு மின்சார அயன் பெட்டி வாங்கி வந்த மாப்பிள்ளை என்று உன்னை இன்னும் ஊர் மறக்கவில்லை.

மின்சாரம் இல்லை என்றும் இனிச் சொல்லமுடியாது. பக்கத்து அரிசி மில் கச்சு முகம்மது முதலாளி தன் எஞ்சினில் இருந்து எங்கள் பிரசவ விடுதிக்கு ஒரு வயர் இழுத்துத் தந்திருக்கிறார். நீ கொழும்பிலிருந்து அனுப்பிய நாலு மின்குமிழையும் பூட்டினோம். எரிகிறது, ஆனால் குப்பி விளக்குக்குத் தம்பி மாதிரித்தான் எரிகிறது. ஏன் என்று எழுது.

திணைக்களப் பரீட்சையை நீ எழுதுவது இது மூன்றாந்தரம். இதற்கு மேல் எழுத விடமாட்டார்கள் என்று நீதான் சொன்னாய். பாஸ் பண்ணினால் வவுனியாவுக்கு மாற்றம் கேட்கலாம், நீங்கள் இரண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழ் இருக்கலாம். அதை நினைத்துப் படி.

அக்கா விமலேஸ்வரி

நான் சுகம். மச்சாள் முருங்கையிலை தந்தே கொல்லுறா. இஞ்சத்தை யோசனையை விட்டுட்டுப் படியுங்கோ. – இரஞ்சிதம்


வெள்ளவத்தை
15.1.63

அன்பின் அக்காவுக்கு,

கடிதமும் அடியில் இருந்த இரண்டு வரியும் கண்டேன். பொங்கலன்று அறையில் பாணும் சம்பலும். தடிமனும் தும்மலும் விட்டபாடில்லை, மற்றபடி குறையில்லை. பகல் முழுக்க மின்சாரத் திணைக்கள வேலைத்தலத்தில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிவிட்டு வந்தால் புத்தகத்தின் முன் கண் தானாக மூடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வருகிறேன். அங்கேதான் மனம் கொஞ்சம் ஆறுகிறது.

குமிழ் மங்கலாக எரிவதற்கு வயர் மூட்டுத்தான் காரணமாக இருக்கும். வயர் முனைகளைக் கத்தியால் சுரண்டி இறுக்கிப் பூட்டச் சொல்லுங்கள். முதலாளிக்கு என் சலாம்.

இரஞ்சிதம் முருங்கையிலையை நாய்க்குப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் அப்படிச் செய்யக்கூடியவள்.

தம்பி பரமலிங்கம்


மாங்குளம்
2.2.63

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை, சுகமாய் இரு. ஒரு காரியம் கேட்கவே எழுதுகிறேன்.

காலனிப் பொம்பிளை ஒருத்திக்கு எட்டாம் மாதமே பிள்ளை பிறந்துவிட்டது. பெண்பிள்ளை. பிறந்து மூன்று நாள். நிறை மூன்று இறாத்தல் இரண்டு அவுன்ஸ். வவுனியாவுக்குக் கொண்டுபோகலாம் என்றால் இந்தப் பனியில் ஏற்றி இறக்கவேண்டாம், சூட்டில் வைத்திருங்கள் என்று டாக்குத்தர் சொல்லி அனுப்பினார். எதைக்கொண்டு சூட்டில் வைப்பது என்று அவர் சொல்லவில்லை.

நீ சாமான் அனுப்பிய தேயிலைப் பெட்டிக்குள் பஞ்சு விரித்துப் பிள்ளையைக் கிடத்தி, மேலே இரண்டு குமிழைத் தொங்கவிட்டிருக்கிறேன். மூட்டெல்லாம் சுரண்டியாயிற்று. வெப்பமானி பரனைட் எண்பதைத் தாண்டமாட்டேன் என்கிறது. தொண்ணூறாவது வேண்டும். பிள்ளையின் கால் நீலம் பாரிக்கிறது. போத்தலில் சுடுநீர் மாற்றி மாற்றி வைத்து என் கையெல்லாம் கொப்புளம்.

எத்தனை குமிழ் வேண்டும்? உடனே எழுது.

இரஞ்சிதம் சுகம். நித்திரை கொள்கிறாள்.

அக்கா


வெள்ளவத்தை
5.2.63

அன்பின் அக்காவுக்கு,

கடிதம் நேற்றுப் பின்னேரம் கிடைத்தது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அறுபது வாட் குமிழ் இரண்டு என்றால் நூற்றிருபது வாட். அந்தப் பெட்டிக்கு அது போதவேண்டும். போதவில்லை என்றால் வருகிற மின்சாரத்தில்தான் ஏதோ இருக்கிறது. மில்லின் பலகையில் முள் ஆடும் மணிக்கூடு மாதிரி இரண்டு இருக்கும். ஒன்று வோல்ட் காட்டுவது, அதாவது மின்சாரத்தை எவ்வளவு விசையாகத் தள்ளுகிறது என்பது. மற்றது அம்பியர், எவ்வளவு ஓடுகிறது என்பது. வோல்ட் முள் எந்த எண்ணில் நிற்கிறது? கொழும்பில் இருநூற்று முப்பது. உங்களிடம் எவ்வளவு?

அந்தப் பிள்ளையின் நிறையை ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுங்கள்.

தம்பி பரமலிங்கம்


மாங்குளம்
8.2.63

அன்புள்ள தம்பிக்கு,

உன் தடிமன் எப்படி என்று கேட்க மறந்துபோனேன். எதைத்தான் மறக்கவில்லை.

முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நூற்றுப்பத்து. உன் கொழும்பில் பாதிகூட இல்லை. அடப் பாவி, நீ அனுப்பியது கொழும்புக் குமிழ்! நூற்றுப்பத்துக் குமிழ் மில்லில் இருப்பது இரண்டும் எஞ்சினடியில் எரியவேண்டும். வேறு எடுப்பிக்க யாழ்ப்பாணத்துக்குச் சொல்லிவிட்டிருக்கிறார், இன்னும் வரவில்லை.

சரி, தள்ளுகிற விசை பாதி என்றால் சூடும் பாதிதானே, இரண்டுக்குப் பதில் நாலு குமிழைப் போட்டால் கணக்கு நேர் என்று நாலையும் போட்டேன். எண்பத்து நாலுக்கு மேல் ஏறவில்லை. எங்கே பிழை என்று தெரியவில்லை. பிள்ளை இரண்டு இறாத்தல் பதினாலு அவுன்ஸுக்கு இறங்கிவிட்டது. இப்படிப் பிள்ளைகள் முதலில் இறங்குவதுதான், ஆனால் இது இறங்குகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அழக்கூடச் சத்தில்லை. உனக்கு மறைக்க என்ன இருக்கிறது, இந்தப் பிள்ளை தங்கும் என்று எனக்கு நம்பிக்கை குறைவு.

முதலாளி இரவிலும் எஞ்சினை ஓடவிடுகிறார். நான் வேண்டாம் என்றதற்கு, "தங்கச்சி, இது நோம்பு மாசம். விடியமுந்திச் சகர் சாப்பாட்டுக்கு எழும்புற வீடு. எங்களுக்கே நித்திரை இல்லை, எஞ்சினுக்கு மட்டும் என்ன நித்திரை?" என்றார்.

இரஞ்சிதம் சுகம்.

அக்கா


வெள்ளவத்தை
11.2.63

அன்பின் அக்காவுக்கு,

களைத்துப்போன கையெழுத்தாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை ஆறுதலாக வாசியுங்கள், சொன்னபடி செய்யுங்கள்.

பிழை உங்களுடையது மட்டுமல்ல. போன வருஷப் பரீட்சையில் நானும் இதே பிழையைத்தான் விட்டேன். வோல்ட் பாதியானால் சூடு பாதியாகாது. கம்பிக்கு ஒரு தடை இருக்கிறது. வோல்ட்டை அம்பியரால் பிரித்தால் வருவது அந்தத் தடை. அது மாறாது. ஆகவே தள்ளுகிற விசை பாதியானால் ஓடுகிற மின்சாரமும் பாதியாகிவிடும். சூடு என்பது இரண்டையும் பெருக்கி வருவது. அதுவும் பாதி, இதுவும் பாதி. மிஞ்சுவது அரைவாசியின் அரைவாசி, கால்பங்கு. உங்கள் அறுபது வாட் குமிழ் பதினைந்துதான் தருகிறது. குமிழின் இழை முழுச் சூடு ஏறாவிட்டால் தடை கொஞ்சம் குறையும், அதனால் இருபது என்று வையுங்கள். நாலு குமிழும் எண்பது. நமக்கு வேண்டியது நூற்றிருபது.

இனிக் கேளுங்கள். அலுமாரியில் இருக்கிற அயன் பெட்டியை எடுங்கள். அதன் அடியில் 230 வோல்ட், 2 அம்பியர் என்று பொறித்திருக்கும். இருநூற்று முப்பதை இரண்டால் பிரித்தால் தடை நூற்றுப்பதினைந்து. உங்கள் நூற்றுப்பத்து வோல்ட்டை அந்த நூற்றுப்பதினைந்தால் பிரித்தால் ஓடுவது ஒரு அம்பியருக்குச் சற்றுக் குறைவு. அதை நூற்றுப்பத்தால் பெருக்கினால் நூற்றைந்து வாட். சேலை அயன் பண்ண அது போதாது. பிள்ளைக்குக் காணும். வெளிச்சத்துக்கு ஒரு குமிழை மட்டும் விட்டுவிட்டால் நூற்றிருபத்தைந்து.

பிள்ளை கிடக்கிற பஞ்சுக்குக் கீழே ஒரு அடி இடைவெளி விட்டுப் பலகைச் சட்டம் அடியுங்கள். அயன் பெட்டி செங்கல்லின் மேல் இருக்கட்டும், துணி எதுவும் அண்டக்கூடாது. பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள். பூட்டியதும் மில்லின் அம்பியர் முள்ளைப் பாருங்கள். ஒன்றுக்குக் கிட்ட நகர்ந்தால் என் கணக்குச் சரி. அசையாவிட்டால் தந்தி அடியுங்கள்.

இரஞ்சிதம் அயன் பெட்டியைத் தரமாட்டேன் என்று சொல்லமாட்டாள்.

தம்பி பரமலிங்கம்


மாங்குளம்
16.2.63

அன்புள்ள தம்பிக்கு,

உன் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும். முள் ஒன்றுக்குக் கிட்டப் போய் நின்றது. நான் பெட்டியடியில், முதலாளி பலகையடியில், நடுவில் அவருடைய மனைவி ஆசியா உம்மா நின்று இரண்டு பக்கத்துக்கும் கூப்பிட்டுச் சொன்னா. "அசையுது புள்ள, அசையுது!" என்று அவா கத்தின சத்தத்தில் மில்லுக்கு நெல் கொண்டுவந்த சனமெல்லாம் எட்டிப் பார்த்தது.

வெப்பமானி தொண்ணூற்றொன்று. கால் சிவந்துவிட்டது. நிறை இறங்கவில்லை, ஏறவும் இல்லை. முலைப்பாலைப் பிழிந்து பஞ்சில் தோய்த்து விடுகிறோம். தாய்க்காரி பெட்டியை விட்டு அசைகிறாளில்லை. அவளை அதட்டிப் படுக்கவைப்பது பிள்ளையைப் பார்ப்பதைவிடப் பெரிய வேலை. எனக்கும் எங்கே இருந்தாலும் நித்திரை தூக்குகிறது. நேற்று நோன்புக் கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

சிவராத்திரி வருகிறது. கோயிலுக்குப் போய் விழித்திருந்து, உன் பெயருக்கும் இரஞ்சிதத்தின் பெயருக்கும் அர்ச்சனை செய். இந்த வருஷம் இங்கே என்னால் கோயிலுக்குப் போக வசதிப்படாது.

இரஞ்சிதம் சுகம். கை நோகிறதாம், அதனால் எழுதவில்லை.

அக்கா


மாங்குளம்
24.2.63

தம்பி,

எட்டு நாளாய்த் தபாற்காரன் வெறுங்கையோடு போகிறான். படிக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சிவராத்திரிக்குப் போனாயா? உன்னோடு வேலை செய்கிற செல்வநாயகம் லீவில் வந்தவன், நீ வெள்ளிக்கிழமையிலும் கோயில் பக்கம் போவதில்லை என்று சொன்னான். கூப்பிட்டும் வரவில்லையாம். கொழும்பு உன்னை இப்படி ஆக்கிவிட்டதா? இங்கே ஒருத்தி உன் பெயரைச் சொல்லிக் கும்பிடாத நாளில்லை. பரீட்சை நெருங்குகிற நேரத்தில் பிள்ளையாரைக் கைவிட்டவனுக்கு நான் என்ன சொல்ல? கோபத்தில் எழுதுகிறேன், கோபம் தீர்ந்தபிறகும் இதைத்தான் எழுதுவேன்.

புதன்கிழமை இரவு எஞ்சினின் பெல்ட் அறுந்துவிட்டது. தைத்துப் பூட்டும்வரை நானும் ஆசியா உம்மாவும் குசினியில் செங்கல் சுட்டுச் சுட்டு, சாக்கில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். விடிய எஞ்சின் சத்தம் கேட்டதும் அந்த இடத்திலேயே குந்தி இருந்து அழுதேன். இத்தனை வருஷத்தில் எந்தப் பிள்ளைக்கும் நான் அழுததில்லை.

நாளைக்கு நோன்புப் பெருநாள். இனி இரவில் எஞ்சின் நிற்குமோ என்று நான் கேட்காமலே முதலாளி சொன்னார், "பெருநாள் எங்களுக்குத்தானே, பிள்ளையின்ர குளிருக்கு என்ன பெருநாள்?"

மூன்று இறாத்தல் நாலு அவுன்ஸ்.

அக்கா


வெள்ளவத்தை
2.3.63

அன்பின் அக்காவுக்கு,

கோபம் நியாயம். எழுதாமல் இருந்தது என் பிழைதான். எழுத உட்கார்ந்தால் என்னென்னவோ எழுத வருகிறது, கிழித்துவிட்டேன்.

பெல்ட் அறுந்த செய்தியை வாசித்தேன். முதலாளிக்கும் ஆசியா உம்மாவுக்கும் நான் எப்படிக் கடன் தீர்ப்பேன் என்று தெரியவில்லை. நீங்கள் அழுததையும் வாசித்தேன்.

மூன்று இறாத்தல் நாலு அவுன்ஸ் என்பதை வேலைத்தலத்தில் என் மேசையில் சோக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன். என்ன கணக்கு என்று போர்மன் கேட்டார். பரீட்சைக்கு என்றேன்.

இவ்வளவு நாளும் கோயிலுக்குப் போகமுடியவில்லை. நேற்று விடியத் தலைமுழுகிவிட்டுப் போனேன். மூன்று பேருக்கு அர்ச்சனை செய்தேன். பரீட்சை ஒன்பதாம் திகதி. அதுவரை என்னைப் பற்றி யோசிக்காமல் இருங்கள், நித்திரை கொள்ளுங்கள்.

தம்பி பரமலிங்கம்


மாங்குளம்
10.3.63

என் அன்புத் தம்பிக்கு,

நேற்றோடு பரீட்சை முடிந்திருக்கும். எப்படிச் செய்தாய் என்று பிறகு கேட்கிறேன். முதலில் நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலனிப் பொம்பிளை வேறு யாருமில்லை. உன் இரஞ்சிதம்தான். தேயிலைப் பெட்டிக்குள் கிடப்பது உன் மகள்.

ஜனவரி முப்பதாம் திகதி கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். அன்றைக்கே பிறந்துவிட்டது. வலியிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சாள், அவருக்கு எழுதாதேங்கோ. கேள்விப்பட்டா எல்லாத்தையும் விட்டுட்டு வந்திடுவார். பிறகு என்ரை பிள்ளைக்குத் தேப்பன் கடைசிவரை கொழும்பில, நான் இஞ்ச" என்றாள். சத்தியம் வாங்கிவிட்டாள். பிள்ளை இல்லாமல் போனாலும் பரீட்சைக்குப் பிறகுதான் சொல்லவேண்டும் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். உனக்குப் பொய் எழுதி எழுதி நான் பட்ட பாடு போதும். முப்பத்தோராம் நாள் பேற்றுத் தீட்டு நீங்கத் துடக்குக் கழித்தபோது தகப்பன் இல்லாமல் கழிக்கிறோமே என்று மனம் கேட்கவில்லை. என்னைத் திட்டவேண்டுமானால் திட்டு, அவளை ஒன்றும் சொல்லாதே.

மூன்று இறாத்தல் பன்னிரண்டு அவுன்ஸ். நேற்று முதன்முதலாகத் தானாகப் பால் குடித்தாள். பகலில் பெட்டிக்கு வெளியேயும் வைத்திருக்கிறோம்.

அக்கா விமலேஸ்வரி

மகளுக்குப் பசி வந்தால் பொறுமை இல்லை, அது உங்கட பக்கம். பேர் நீங்கள் வந்துதான் வைக்கவேணும். அயன் பெட்டியை இனி நீங்கள் கேட்டாலும் தரமாட்டன். – இரஞ்சிதம்


வெள்ளவத்தை
13.3.63

என் அன்பு அக்காவுக்கும் இரஞ்சிதத்துக்கும்,

அடியில் இரண்டு வரி இருந்தது. அதை முதலில் வாசித்தேன். மற்றதெல்லாம் எனக்குத் தெரியும்.

அக்கா, நீங்கள் பொய் சொல்லத் தெரியாதவர். பெப்ரவரி இரண்டாம் திகதிக் கடிதத்தில் அவளுடைய வரி இல்லை. ஒரு மருத்துவிச்சி தன் கை கொப்புளிக்கும்வரை போத்தல் மாற்றிய கதை இருந்தது. நித்திரை கொள்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கடிதம் போகிறது என்று தெரிந்தால் இரஞ்சிதம் நித்திரை கொள்வாளா? அதே சட்டையோடு கோட்டை ஸ்டேஷனுக்குப் போனேன். ரிக்கற் எடுக்கிற வரிசையில் நின்றேன். வந்து என்ன செய்வேன் என்று அங்கே நின்றுதான் யோசித்தேன். வாசலில் நின்று அழுவேன். என் அழுகையில் எத்தனை வாட் வரும்? திரும்பி வந்து வோல்ட் முள்ளைக் கேட்டு எழுதினேன்.

தெரியும் என்று காட்டாததற்கும் காரணம் இருந்தது. உன் பிள்ளை என்று எழுதத் தொடங்கினால் நீங்கள் எனக்கு ஆறுதல் எழுதுவீர்கள். காலனிப் பொம்பிளையின் பிள்ளை என்றால்தான் உள்ளதை எழுதுவீர்கள். இறங்கின நிறையையும், நீலம் பாரித்த காலையும், தங்கும் என்ற நம்பிக்கை குறைவு என்பதையும் அப்படித்தான் எனக்கு எழுதினீர்கள். எனக்கும் அப்படித்தான் வசதி. என் மகள் என்று நினைத்தால் பெருக்கல் வரவில்லை. யாரோ ஒருவரின் பிள்ளை என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் அந்தக் கணக்கைப் போட்டு முடித்தேன்.

கோயில் கதையையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறந்த துடக்குத் தகப்பனுக்கும் உண்டுதானே. கொழும்பில் யாருக்கும் தெரியாது, ஆனால் பிள்ளையாருக்குத் தெரியுமே. முப்பத்தொரு நாள் கழியும்வரை கோயில் வாசலை மிதிக்கவில்லை. சிவராத்திரியன்று அறையில் தனியாக விழித்திருந்தேன். நீங்கள் அங்கே துடக்குக் கழித்த அன்று நானும் இங்கே தலைமுழுகினேன். நம் மகளுக்கு நான் செய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். தகப்பன் இல்லாமல் கழித்ததாக நினைக்கவேண்டாம்.

வெள்ளிக்கிழமை இரவு மெயில் ரயிலில் வருகிறேன், லீவு கிடைத்துவிட்டது.

பரீட்சையைப் பற்றிக் கேட்பீர்கள். எல்லாம் எழுதினேன், எப்படி எழுதினேன் என்று தெரியாது. களைத்துப்போயிருந்தேன். நாலாவது கேள்வி ஒவ்வொரு வருஷமும் வருகிற கேள்விதான். இருநூற்றிருபது வோல்ட்டில் நாலு அம்பியர் எடுக்கிற ஒரு அடுப்பு, அதன் தடை என்ன, நூற்றுப்பத்து வோல்ட்டில் பூட்டினால் எத்தனை வாட் தரும். தடை ஐம்பத்தைந்து, ஓடுவது இரண்டு அம்பியர், விடை இருநூற்றிருபது வாட் என்று இங்கிலீசில் ஒழுங்காக எழுதினேன். எழுதிவிட்டு அந்த விடையைப் பார்த்தபடியே இருந்துவிட்டேன். மணி அடித்தபிறகுதான் கண்டேன், அதற்குக் கீழே தமிழில் ‘பிள்ளைக்குக் காணும்’ என்றும் எழுதியிருக்கிறேன். வெட்ட மனம் வரவில்லை, அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன்.

பரமலிங்கம்